யூசுப்பின் முதுகு

யூசுப் புல்லின் மேல் நின்றான். முழங்காலுக்குக் கீழே வரை இறுக்கிப் பிடித்த கறுப்புத் தோல் காற்சட்டை. வேறு உடுப்பு இல்லை. நெஞ்சு, தோள், வயிறு, கை எல்லாம் எண்ணெய். வெயிலில் மின்னியது. முதுகு மட்டும் காய்ந்து கிடந்தது.

பக்கத்தில் நான் நின்றேன். என் கையில் எண்ணெய்ப் பாத்திரம். தண்ணீர் குடிக்கிற எங்கள் மூக்குப்பேணியைப் பெரிதாக்கிக் கழுத்தை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று. நிறைய ஒலிவ் எண்ணெய்.

சுற்றிவர இருபது சோடி பயில்வான்கள். ஒருவன் முதுகுக்கு மற்றவன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். துருக்கிக்காரரின் எண்ணெய் மல்யுத்தத்தில் அதுதான் முறை. உன்னோடு மல்லுக்கு நிற்கப் போகிறவனே உன் முதுகுக்கு எண்ணெய் வைக்க வேண்டும். தன் பிடி வழுக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வைக்க வேண்டும்.

யூசுப்பின் சோடிக்காரன் வந்தான். யூசுப்பைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

யூசுப் கையை வளைத்துத் தன் முதுகைத் தானே தொடப் பார்த்தான். தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை எட்டியது. அதற்கு மேல் ஏலவில்லை. என் பக்கம் திரும்பி, "ஊத்து" என்றான்.

ஊற்றினேன். எண்ணெய் முதுகு நடுவே ஒரு கோடாக ஓடி இடுப்பில் இறங்கியது. அதைப் பரப்பிவிட ஒரு கை வேண்டும். என் இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வைக்கவில்லை.

இது நடந்தது லண்டனில், எட்மண்டனுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில். பத்து வருடம் இருக்கும். ஏன் வைக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கிழமை எழுதுகிறேன். சொல்லச் சந்தோஷமான கதை இல்லை.

வெங்காய மூட்டை

சுவிஸில் இருந்து மனைவி பவானியோடும் பிள்ளைகளோடும் லண்டன் வந்ததைப் போன கிழமை சொன்னேன். முதலில் ஈஸ்ட் ஹாமில் வேலை தேடினேன். எங்கள் ஆட்களின் கடை வரிசையாக இருந்தது. வேலை இருக்கவில்லை. எட்மண்டனில் வாடகை குறைவு என்று அங்கே போனோம். வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு துருக்கிக்காரரின் மரக்கறிக் கடை. வாசலில் நின்று கேட்டேன்.

கடைக்காரர் கெமால். என்னைவிட ஐந்தாறு வயது கூட. தோள் கதவை அடைத்தது. காது இரண்டும் மடிந்து, கசங்கிக் கிடந்தன. யாரோ சின்ன வயதில் போட்டு மிதித்தது போல.

"வெங்காய மூட்டை தூக்குவியா?"

"தூக்குவன்."

"எத்தினை?"

"இருக்கிறதெல்லாம்."

சிரித்தார். "நாளைக்கு வா" என்றார். பன்னிரண்டு வருடம் தூக்கினேன்.

அவருக்கும் எனக்கும் முதலில் உடைந்த ஆங்கிலம்தான். பிறகு கடையில் நின்று நின்று துருக்கி கொஞ்சம் வந்தது. இங்கே அவர்கள் பேச்சை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் கேட்டது. அண்ணைக்கு அவர்கள் 'அபி' என்பார்கள். நானும் கெமால் அபி என்றே கூப்பிட்டேன்.

ஒருநாள் கடையின் பின் அறையில் ஒரு தோல் காற்சட்டை தொங்கியது. கறுப்பு. நூல் தையல் தடிப்பாக ஓடியது. கையில் எடுத்தேன். அரிசி மூட்டை போலக் கனத்தது.

"இது என்ன அபி, மாட்டுக்கு உடுப்போ?"

"மாட்டை உரிச்சு எனக்கு உடுப்பு."

அதற்குப் பெயர் கிஸ்பெத். எருமைத் தோல். அதை உடுத்துகிறவனைப் பெஹ்லிவான் என்று சொல்வார்களாம்.

"எங்களிலையும் பயில்வான் எண்டுதான் சொல்லுறது" என்றேன்.

அவர் நம்பவில்லை. அந்த நேரம் ஒரு தமிழ்ப் பெண் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றா. அபி சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, கையை மடக்கி முறுக்கிக் காட்டி, "சிஸ்டர், தமிழில இதுக்கு என்ன சொல்லுறது?" என்றார்.

அவ பயந்து போய், "மசில்" என்றா.

அபி என் பக்கம் திரும்பினார். "நீ பொய்க்காரன்" என்றார்.

எண்ணெய் ஊற்றுகிற வேலை

கோடையில் ஒரு ஞாயிறு அவர்களின் ஆட்கள் மைதானத்தில் கூடுவார்கள். இறைச்சி சுடுகிற புகை. பெரிய மேளம். நாதஸ்வரத்துக்குத் தம்பி போல ஒரு குழல். காதைக் கிழிக்கும். புல்லின் மேல் மல்யுத்தம்.

முதல் வருடம் எண்ணெய்க் கலன்களைக் கடை வானில் ஏற்றிக்கொண்டு போனேன். இறக்கி வைத்துவிட்டு ஒரு பக்கமாக நின்றேன். எண்ணெய் ஊற்றுகிற ஆள் வரவில்லை. அபி பாத்திரத்தை என் கையில் தந்தார். அதோடு அந்த வேலை எனக்கு ஒட்டிவிட்டது.

பவானிக்குச் சிரிப்பு. "சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வையுங்கோ எண்டா ஓடி ஒளியிறியள். அங்கை போய் நாப்பது ஆம்பிளையளுக்கு எண்ணெய் ஊத்துறியள். ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவினம்?"

"ஊரிலை யாருக்கும் தெரியாது."

"நான் சொல்லுவன்."

நான் அதிகம் படிக்காதவன். ஏழாம் வகுப்போடு விட்டவன். ஒரு முறையைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தெரியாது. அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த மைதானத்தில் பார்க்க நிறைய இருந்தது.

பயில்வான்கள் வரிசையாகக் கை கோத்து நிற்பார்கள். ஒரு கிழவர் முன்னால் வருவார். லண்டனில் பஸ் ஓட்டி இளைப்பாறினவர். ஒவ்வொருவனின் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் பாட்டுப் போல இழுத்துக் கூவுவார். கடவுளைக் கூப்பிடுவார். மேளம் ஏறும். எல்லாரும் கையை வீசி நடப்பார்கள். தொடையில் அடிப்பார்கள். முழங்காலில் நின்று நிலத்தைத் தொடுவார்கள். தொட்ட கையை முழங்காலில் வைத்து, உதட்டில் வைத்து, நெற்றியில் வைப்பார்கள். பெரிய உடம்புக்காரர். பிள்ளைகள் போல ஒழுங்காகச் செய்வார்கள்.

பிறகு சோடி சோடியாகக் கட்டிப் பிடிப்பார்கள். காதுக்குள் ஒரு சொல் சொல்வார்கள். ஹெலால்.

எனக்கு அந்தச் சொல் இறைச்சிக் கடைப் பலகையில்தான் பழக்கம். அபியிடம் கேட்டேன்.

"என்னில உனக்கு ஏதும் குறை கிடந்தா விடு. உன்னில எனக்குக் கிடந்தா நானும் விட்டன். அதுதான் அர்த்தம்" என்றார். "அதைச் சொல்லாமல் ஒருத்தன்ரை உடம்பில கை வைக்கக் கூடாது. முடிஞ்ச பிறகும் சொல்ல வேணும்."

"சொல்லாட்டி?"

"ஏன் சொல்லாமல் விடுறான்?" என்று திருப்பிக் கேட்டார். அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

இன்னொரு முறை. கண்ணுக்குள் எண்ணெய் போனால் கையை உயர்த்தலாம். மற்றவன் எந்தப் பிடியில் இருந்தாலும் விட வேண்டும். கண்ணைத் துடைத்து முடியும் மட்டும் காத்து நிற்க வேண்டும். துணி கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். அதுவும் நான்தான்.

அவர்கள் வைத்திருந்தது கடைத் துவாய். சொரசொரப்பு. எண்ணெயை எடுக்காது, பூசும். அடுத்த வருடம் என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொண்டுபோனேன். அபி முகத்தைத் துடைத்துவிட்டுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன துணி?"

"எங்கடை கலியாண உடுப்பு."

"கலியாண உடுப்பைக் கிழிச்சியா? மனிசி அடிக்கேல்லையா?"

"அவவுக்கு இன்னும் சொல்லேல்லை."

அதில் இருந்து என்னிடமே துணி கேட்பார்கள். மைதானத்தில் எனக்கு ஒரு வேலை, ஓர் இடம். கிழவர் என்னைக் கண்டால் மரியாதையாகத் தன் நெஞ்சில் கை வைப்பார். லண்டனில் வேறு எங்கேயும் எனக்காக யாரும் அப்படிச் செய்தது இல்லை.

கடைசி மல்

அந்த வருடம் அபி சொன்னார், "இதோட காணும். கிஸ்பெத்தை ஆணியில மாட்டப் போறன்."

விடுகிறதுக்கும் முறை உண்டு. கடைசி மல் முடிந்ததும் களத்தில் எல்லாரிடமும் ஹெலால் கேட்டு, எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்காகப் புதுச் சேட் ஒன்று மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவரின் மனைவி, மகள்மார், மருமகன் எல்லாரும் பாயில் இருந்தார்கள்.

கடைசியில் அவருக்கு வாய்த்தவன் யூசுப். இருபத்துநாலு வயது. மாமனின் கபாப் கடையில் வேலை. ஆள் மெலிவு, கை நீளம். அதிகம் பேசமாட்டான். களத்துக்கு வந்தால் அபியின் கையைக் கொஞ்சி நெற்றியில் வைப்பான். மூத்தவருக்கு இளையவர் அப்படிச் செய்ய வேண்டும். அவன் அதை அவசரப்படாமல் செய்வான். எனக்கு அவனில் விருப்பம்.

ஒருவர் முதுகுக்கு மற்றவர் எண்ணெய் வைத்தார்கள். கட்டிப் பிடித்தார்கள். ஹெலால் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நெடுநேரம் போனது. தலையோடு தலை முட்டி நின்றார்கள். கால் வைத்த இடத்தில் புல் கிழிந்தது. பிடித்தால் வழுக்கியது. கிஸ்பெத்தின் இடுப்புக்குள் கையை விட்டுப் பிடித்தால்தான் பிடி. இரண்டு பேரும் அதற்காகவே சுற்றினார்கள். யூசுப் இரண்டு தரம் கீழே போனான். இரண்டு தரமும் மீன் போல வெளியே வந்தான்.

அபி கையை உயர்த்தினார். கண்.

யூசுப் உடனே விட்டான். ஓரடி பின்னால் போய்க் கையைத் தொங்கப்போட்டு நின்றான். நான் பையைத் தடவினேன். அடியில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அபி இரண்டு கண்ணையும் நன்றாக அழுத்தித் துடைத்தார். துண்டை என்னிடம் எறிந்தார். "வா" என்று யூசுப்பைக் கூப்பிட்டார்.

திரும்பப் பிடித்தார்கள். யூசுப்பின் கை அபியின் முகத்தில் பட்டு வழுக்கிக் கழுத்துக்குப் போனது. மல்லில் அது வழக்கம். கொஞ்ச நேரம் போனது. அபி தலையை உதறினார். திரும்ப உதறினார். கண்ணைத் திறக்கவில்லை. யூசுப் அதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அபி கையை உயர்த்த முன்னம் அவன் இடுப்புக்குள் கையை விட்டான். புரட்டினான். அபியின் வயிறு வானத்தைப் பார்த்தது. அப்படிப் பார்த்தால் தோல்வி.

மேளம் முழங்கியது. யூசுப் குனிந்து அபியைத் தூக்கக் கை கொடுத்தான்.

அபி அந்தக் கையைத் தட்டினார். "பிபர்!" என்று கத்தினார். மிளகாய். "இவன்ரை கையில மிளகாய்!"

மேளம் நின்றது. நடுவர் வந்தார். யூசுப்பின் கையைப் பிடித்தார். விரலை எடுத்துத் தன் நாக்கில் வைத்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். நடுவர் துப்பினார். ஓம் என்று தலையை ஆட்டினார்.

"நான் கழுவினனான்" என்றான் யூசுப். "வரமுதல் கழுவினனான்."

"கபாப் கடைக் கை" என்று யாரோ பின்னால் சொன்னான்.

கிழவர் இருவருக்கும் நடுவில் வந்தார். "கெமால், பொடியன் தெரியாமல் செய்திருப்பான். ஹெலால் குடு. முடிச்சுவிடு."

"குடுக்க மாட்டன்."

"கெமால்."

"குடுக்க மாட்டன்."

அங்கே அப்படி ஒரு சொல்லை அதற்கு முன்னம் யாரும் கேட்டதில்லை. குழல்காரன் குழலைச் சேட்டுக்குள் வைத்தான். அபி யாரிடமும் எதுவும் கேட்காமல் நடந்து போனார். மகள் ஒருத்தி புதுச் சேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

நான் சாமான் எடுத்து வைத்தேன். வேர்த்தது. கையில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

நெருப்பு.

கடை வானுக்குப் பின்னால் போய் நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. துண்டை மணந்து பார்த்தேன். ஒலிவ் எண்ணெய்க்கு அடியில் வறுத்த மிளகாய். எங்கள் வீட்டு மணம்.

நாளைக்குச் சொல்லுறன்

வீட்டுக்குப் போய்ப் பவானியிடம் காட்டினேன்.

"கராஜ் தட்டிலை கிடந்த வேட்டியே?"

"ஓம்."

"அது தூளுக்கு வறுத்த மிளகாய் பரவினதெல்லே! ஏனப்பா அதைப்போய் எடுத்தனீங்கள்?"

"மடிச்சுக் கிடந்தது. துண்டு காணாதெண்டு கடைசியா அதிலை ஒண்டு கிழிச்சன்."

"உதறி மடிச்சு வைச்சனான். அடுத்த முறைத் தூளுக்கு." பிறகு மெல்லக் கேட்டா. "ஆரின்ரையும் கண்ணிலை பட்டதே?"

நடந்ததைச் சொன்னேன். அவ கதிரையில் இருந்துவிட்டா.

"இப்பவே போய்ச் சொல்லுங்கோ."

"நாளைக்குச் சொல்லுறன்."

"அந்தப் பொடியனை நினைச்சுப் பாருங்கோ."

"நாளைக்குச் சொல்லுறன் எண்டன்."

திங்கள் கடைக்குப் போனேன். அபியின் கண் சிவந்து வீங்கிக் கிடந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். லொறி வந்தது. உருளைக்கிழங்கு இறக்கினேன். இறக்கி முடிய அவர் வேறு ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை போனால் இன்னொரு கேள்வி வரும். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? ஒரு மாதம் போனால் அதுதான் பெரிய கேள்வி.

வேலை போய்விடும் என்று பயந்தேனா? இல்லை. அபி என்னைத் திட்டியிருப்பார், துண்டை முகத்தில் எறிந்திருப்பார், பிறகு சிரித்திருப்பார். அவரை எனக்குத் தெரியும். நான் பயந்தது மைதானத்துக்கு. கிழவர் நெஞ்சில் கை வைக்கிறாரே, அதற்கு. மிளகாய்த் துணி கொண்டுவந்த தமிழன் என்று ஆகிவிடுமே என்று. வேறு காரணம் இல்லை. இவ்வளவு சின்னக் காரணம்.

அந்தப் பெயர் யூசுப்புக்குப் போனது. பிபர் யூசுப். கபாப் கடைக்கு வருகிற பொடியன்மார், "யூசுப், மிளகாய் கூடப் போடாதை" என்று சிரிப்பார்கள். அவனும் முதலில் சிரித்தான்.

அடுத்த கோடை அவன் களத்துக்கு வந்தான். அபி வரவில்லை. நான் போனேன். எண்ணெய்ப் பாத்திரம் பிடித்தேன். அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

எண்ணெய் அவன் முதுகில் கோடாக இறங்கியது. அவன் காத்து நின்றான். பிறகு தலையைத் திருப்பி, "உன்ரை மற்றக் கை என்ன செய்யுது?" என்று கேட்டான்.

"பாத்திரத்தைத் தாங்கவேணும்" என்றேன்.

பாத்திரத்தை ஒரு கையால்தான் பிடித்திருந்தேன். அவன் பார்த்தான்.

நான் கை வைத்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள். ஏன் வைக்கிறாய் என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அவ்வளவுதான்.

யூசுப் களத்தின் ஓரத்துக்குப் போனான். முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். கிஸ்பெத்தைக் கழற்ற இன்னொருவன் பிடித்து இழுக்க வேண்டும். ஒருவரும் போகவில்லை. அவன் புல்லில் இருந்து, தனியக் கழற்றினான். வெகுநேரம் எடுத்தது. மேளக்காரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு அவன் களத்துக்கு வரவில்லை. நானும் அந்த வருடத்தோடு நின்றுவிட்டேன். எந்த இடத்தை விட மனமில்லாமல் வாயை மூடினேனோ, அந்த இடத்தில் அதற்குப் பிறகு நிற்க ஏலவில்லை.

பள்ளிவாசல் முற்றம்

இந்த மாரிகாலத்தில் கெமால் அபி செத்துப்போனார். நெஞ்சு. கடையில், பெட்டி தூக்கும்போது. நான் அப்போது வேறு வேலை. மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

உடலை ஊருக்கு அனுப்ப முன்னம் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்தார்கள். கல் மேடை. பெட்டிக்கு மேலே பச்சைத் துணி. மழை தூறியது. நான் கடைசி வரிசைக்குப் பின்னால், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

முன்னுக்கு மூன்றாவது வரிசையில் யூசுப். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. உடம்பு போட்டிருந்தான்.

அவர்களின் முறை, தொழுவிக்கிறவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். இந்த மனிதனில் உங்களுக்கு ஏதும் குறை இருந்தால் விட்டீர்களா? ஹெலால் கொடுத்தீர்களா? மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் எல்லாரும் கொடுத்தோம் என்பார்கள்.

நான் யூசுப்பைப் பார்த்தேன். முதல் தரம் அவன் வாய் அசையவில்லை. இரண்டாம் தரம் நிலத்தைப் பார்த்தான். மூன்றாம் தரம் சொன்னான். மெல்ல. உதடு அசைந்தது தெரிந்தது.

செய்யாத பிழைக்குப் பெயர் வாங்கினவன் கொடுத்தான். பெட்டிக்குள் கிடந்தவர் அவனுக்குக் கொடுக்காமல் போய்விட்டார். மிளகாய்க் கையன் என்றே நம்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அபியில் விடுவதற்கு ஒரு குறையும் இல்லை. அவர்தான் எனக்கு விட வேண்டும். பெட்டிக்குள் இருக்கிறவரிடம் யாரும் கேட்பதில்லை.

கூட்டம் கலையும்போது யூசுப்பிடம் போனேன். என்னை அடையாளம் கண்டான். கை தந்தான். நான் பிடிக்கவில்லை.

"அது என்ரை துணி" என்றேன்.

"எது?"

"அண்டைக்கு அபி கண் துடைச்ச துணி. அதிலதான் மிளகாய். உன்ரை கையில இல்லை. அபியின்ரை முகத்தில இருந்துதான் உன்ரை விரலுக்கு வந்தது."

மழை அவன் காதில் விழுந்தது. அவனுக்கும் காது மடிந்திருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே."

"அண்டைக்கே எண்டா?"

"வீட்டை போக முன்னம். சாமான் ஏத்தேக்கை."

அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

"நான் கழுவினனான்" என்றான். "சவுக்காரம் போட்டு ரெண்டு தரம். பிறகு நடுவர் நாக்கில வைச்சுத் துப்பினார். எல்லாரும் சொல்லிச்சினம். ஒரு வருசம், ரெண்டு வருசம் போக எனக்கே தெரியாமல் போச்சு. கழுவேல்லையோ எண்டு. நகத்துக்குள்ள கிடந்ததோ எண்டு. அபிக்கு நான்தான் செய்தனோ எண்டு."

நான் அதை நினைத்ததே இல்லை. ஊர் அவனை நம்பாது என்று நினைத்தேன். அவனே தன்னை நம்பாமல் போவான் என்று நினைக்கவில்லை.

அவன் என் மேற்கையைப் பிடித்தான். பயில்வான் பிடி. விடவில்லை. முற்றத்தின் மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பஸ் ஓட்டின கிழவர் கதிரையில் இருந்தார். சுற்றிவர ஏழெட்டுப் பேர்.

"சொல்லு" என்றான்.

சொன்னேன்.

கிழவர் காதில் கை வைத்தார். "கேக்கேல்லை. சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். என் துருக்கி நல்லதில்லை. பிழை பிழையாக வந்தது. திரும்பச் சொன்னேன். முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அபியின் மகளுக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்க்காமல் காருக்குள் ஏறினாள்.

கிழவர் எழும்பினார். என் பக்கம் திரும்பவில்லை. யூசுப்பின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பிடித்தார்கள். யூசுப் எல்லாருக்கும் கை கொடுத்தான். முகம் மாறவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் கேட்டேன். அந்தச் சொல்லை அவர்களின் மொழியிலேயே கேட்டேன்.

"இண்டைக்கு ஏலாது" என்றான். பொக்கற்றுக்குள் கையை விட்டுக் கார்த் திறப்பைத் தேடினான். "வெள்ளிக்கிழமை கடைக்கு வா."

வெள்ளிக்கிழமை

அவனுக்கு இப்போது டயர் கடை. எட்மண்டன் பெருந்தெருவில் இருந்து உள்ளே. வெள்ளிக்கிழமை போனேன். கண்ணாடிக் குவளையில் தேநீர் தந்தான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். மூத்தவள் கவுன்சிலில் வேலை என்றேன். அவனுக்கு இரண்டு மகள்மார். எழும்பும்போது ஹெலால் கேட்டேன். தலையை ஆட்டினான். இல்லை.

அடுத்த வெள்ளியும் போனேன். வாசலில் ஒருவன், "யூசுப் பெஹ்லிவான் இருக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அவனை அப்படிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிவிட்டது. யூசுப் நிமிர்ந்து பார்க்காமல், "டயர் அளவு என்ன?" என்றான்.

போன வெள்ளி தேநீர் குடித்துக்கொண்டு இருந்தோம். அவனாகப் பேசினான்.

"பேர் திரும்பி வந்திட்டுது. நல்லது. ஆனா எனக்கு இப்ப முப்பத்தஞ்சு. முழங்கால் ரெண்டும் போச்சு. நான் ஆரோட மல்லுக்கு நிக்கிறது?"

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

"நீ பொய் சொல்லியிருந்தாக் கூட விட்டிருப்பன்" என்றான். "நீ பாத்துக்கொண்டு நிண்டாய்."

"ஓம்" என்றேன்.

குவளையை எடுத்துக் கழுவினான். மற்றொரு குவளையையும் கழுவினான். கவிழ்த்து வைத்தான். நான் கேட்டேன். அவன் இல்லை என்றான்.

வீட்டுக்கு வந்தேன். பவானி அடுப்படியில் நின்றா.

"தந்தவரோ?"

"இல்லை."

அவ கரண்டியைக் கீழே வைத்தா. "இனி வராதை எண்டு சொன்னவரோ?"

யோசித்துப் பார்த்தேன்.

"அப்பிடியும் சொல்லேல்லை" என்றேன்.